சொல்லாமல் கொடுத்த குளிசை



சில வாரங்களுக்கு முன்னர் எமது மாதர் சங்கக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை என்னைத் தனியே கூப்பிட்டாள். அவளது கணவரின் குடியைப் பற்றி ஊருக்கே தெரியும். கையில் பழைய காயத்தின் தழும்பும் இருந்தது.

“அக்கா, குடியை மறக்கப் பண்ணுற குளிசை ஒண்டு இருக்காமே. கறிக்குள்ளை போட்டாலும் தெரியாதாம். எங்கை வாங்கலாம்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு உடம்பு நடுங்கியது. இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் இன்னொருவரிடம் கேட்டேன். குளிசையும் கிடைத்தது. அதனால் எனது கணவர் சாவின் வாசல்வரை போய்த் திரும்பினார். அந்தத் தங்கைக்கு அன்று சொன்னதையே இப்போது உங்கள் எல்லோருக்கும் எழுதுகின்றேன். எனது பெயரும் ஊரின் பெயரும் இதில் இல்லை. கணவரின் சம்மதத்தைக் கேட்டுத்தான் எழுதுகின்றேன். “எழுதன். ஆனா கூட்டியும் எழுதாதை, குறைச்சும் எழுதாதை” என்று அவர் சொன்னார்.

குடி எங்கள் வீட்டுக்கு வந்த விதம்

எனது கணவர் மேசன் வேலை செய்பவர். 2009 இற்கு முன்னர் எப்போதாவது நண்பர்களுடன் கொஞ்சம் கள்ளுக் குடிப்பார். அவ்வளவுதான். அந்த வருடம் எமது மூத்த மகனை இழந்தோம். செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு 2010 இல் ஊர் திரும்பியபோது வீட்டில் அத்திவாரம் மட்டுமே மிஞ்சியிருந்தது. தறப்பாள் கொட்டிலில் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தோம். இரவில் அவருக்கு நித்திரை வராது. “கண்ணை மூடினா பெடியன் வந்து நிக்கிறான்” என்பார். நித்திரை கொள்வதற்காகத்தான் சாராயத்தைத் தொட்டார். குடித்தவுடன் கண் சொருகும். ஆனால் நடுச்சாமத்தில் எழும்பி முற்றத்தில் நடப்பார். மது முதலில் தூக்கத்தைத் தந்து பின்னிரவில் அதைக் கெடுக்கும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

வீட்டுத்திட்ட வேலைகள் வந்தபோது அவரது கையில் காசு புழங்கியது. சனிக்கிழமை கிழமைச் சம்பளம் கிடைத்தால் பாதி சாராயத்துக்குப் போய்விடும். கூடவே சத்தம், ஏச்சு, சில நாட்களில் அடி. பிள்ளைகள் புத்தகத்தோடு பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். “நீ சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்?” என்று உறவினர்கள் என்னையே கேட்டார்கள். இந்தக் கேள்வியைக் கேட்காத குடிகாரரின் மனைவி எமது ஊர்களில் இருக்கமாட்டாள்.

இப்படி இருந்த நிலையில்தான் 2013 இல் தெரிந்த ஒருவர் மூலமாக அந்தக் குளிசை எனக்குக் கிடைத்தது. அட்டையின் ஒரு பக்கம் வெட்டப்பட்டிருந்தது. “சொல்லாமல் குடுங்கோ. ஒருக்கா வருத்தம் வந்தால் பிறகு போத்தலைத் திரும்பியும் பார்க்கமாட்டார்” என்று சொல்லித் தந்தார்கள். எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை

வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாட்களும் காலையில் குளிசையை அம்மியில் பொடியாக்கி அவரது சம்பலுக்குள் கலந்தேன். கையில் காசில்லாததால் வியாழனும் வெள்ளியும் அவர் குடிக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் சம்பளத்தோடு அரைப் போத்தல் சாராயம் கொண்டுவந்து, குசினிக்குப் பின்னால் வேலியோரம் இருந்து குடிக்கத் தொடங்கினார். நான் உள்ளே பிட்டு அவித்துக்கொண்டிருந்தேன்.

கால் மணித்தியாலம் சென்றிருக்கும். “இஞ்சை வா, எனக்கு என்னவோ செய்யுது” என்று கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். கண்கள் இரண்டும் இரத்தமாய்ச் சிவந்திருந்தன. முகமும் கழுத்தும் வீங்கியதுபோல் இருந்தன. தொட்டால் அடுப்புக்கல்லைப்போல் கொதித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “தலை வெடிக்கப்போகுது” என்றார். வாந்தி எடுத்தார். வேர்த்து ஒழுகியது. எழும்ப முயன்றவர் அப்படியே சரிந்துவிட்டார்.

நான் எதிர்பார்த்தது கொஞ்சம் வாந்தி, கொஞ்சம் பயம். ஒரு மனிதன் கண்முன்னே சரிவதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்நேரம் 1990 அம்புலன்ஸ் சேவை இருக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். வழி முழுக்க “ஐயோ, நானே கொண்டுட்டனோ” என்று என் மனம் அடித்துக்கொண்டது. வாய் திறந்து ஒருவரிடமும் சொல்லவில்லை.

வைத்தியர் கேட்ட கேள்வி

வைத்தியசாலையில் அவரது குருதி அமுக்கம் மிகவும் இறங்கியிருந்தது. ஒட்சிசன் வைத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள், இருதயத் துடிப்பை விடாமல் பார்த்தார்கள். இளம் வைத்தியர் ஒருவர் என்னிடம் வந்து, “அம்மா, இவர் ஏதும் மருந்து பாவிக்கிறவரோ? கொஞ்சம் குடிச்சதுக்கு இப்பிடி வராது” என்றார்.

“இல்லை, டொக்டர்” என்றேன்.

அவர் போனதும் ஒரு தாதி என் அருகில் வந்து இருந்தார். “அக்கா, நீங்கள் என்ன குடுத்தீங்கள் எண்டு சொன்னால்தான் அவருக்கு எது குடுக்கலாம், எது குடுக்கக்கூடாது எண்டு எங்களுக்குத் தெரியும்” என்றார். அவரது குரலில் கோபம் இருக்கவில்லை. அழுதுகொண்டே, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தேன். வெட்டியதுபோக மிஞ்சியிருந்த எழுத்துக்களைப் பார்த்து அது டைசல்பிராம் என்று வைத்தியர் கண்டுபிடித்தார்.

முகம் ஏன் சிவக்கிறது?

அவர் அன்று எனக்கு விளக்கியதையும், பின்னர் சுகாதார வகுப்புகளில் கேட்டும் வாசித்தும் அறிந்ததையும் சேர்த்து எழுதுகின்றேன்.

நாம் குடிக்கும் மதுவை ஈரல் இரண்டு படிகளில் உடைக்கிறது. முதற்படியில் அது அசற்றல்டிகைட்டு என்ற நச்சுப் பொருளாகிறது. இரண்டாவது படியில் ஒரு நொதியம் அந்த நஞ்சை, தீங்கு குறைந்த அசற்றேற்று என்ற பொருளாக மாற்றிவிடுகிறது. இந்த இரண்டாவது படி தடைப்பட்டால் நஞ்சு உடலில் தேங்கும். அது குருதிக்குழாய்களை விரியச் செய்வதால் முகம், கழுத்து, நெஞ்சு சிவந்து கொதிக்கின்றன. தலையிடி, வாந்தி, நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல் ஆகியன தொடர்கின்றன.

சிலருக்கு இந்த நொதியம் பிறப்பிலேயே சரியாக வேலை செய்யாது. யப்பான், சீனா, கொரியா ஆகிய நாடுகளில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் இத்தகையோர். ஒரு கிளாஸ் பியரிலேயே அவர்களது முகம் சிவந்துவிடும். இதற்குக் காரணம் பெற்றோரிடமிருந்து வரும் ஒரு பரம்பரையலகு மாற்றம். முகம் சிவந்தும் தொடர்ந்து குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம் என்று யப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதுபானத்தை 1988 இலேயே புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது. மது அருந்துவதால் உடலில் உண்டாகும் அசற்றல்டிகைட்டும் 2009 இல் அதே வகுப்பில் சேர்க்கப்பட்டது.

ஆகவே, “குடிச்சா முகத்துக்கு நிறம் வரும், இரத்தம் ஓடும்” என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். அது நஞ்சு தேங்குவதன் அறிகுறி.

எமது தெற்காசிய மக்களிடையே அந்தப் பரம்பரையலகு மாற்றம் அரிது. எனவே எமது வீட்டில் ஒருவருக்குக் கொஞ்சம் குடித்ததும் திடீரென இப்படி வந்தால், அவர் ஏதும் மருந்து எடுத்தாரா என்பதையே முதலில் யோசிக்க வேண்டும்.

இறப்பர் ஆலையில் தொடங்கிய கதை

இந்த மருந்தின் கதையும் நாம் அறிய வேண்டியது. 1937 இல் அமெரிக்காவில் தொழிற்சாலை வைத்தியர் ஒருவர் ஒரு விடயத்தைக் கவனித்தார். இறப்பரைப் பதப்படுத்தும் ஒருவகை இரசாயனத்துடன் வேலை செய்த தொழிலாளர்களால் மது குடிக்க முடியவில்லை. குடித்தால் முகம் சிவந்து வருத்தம் வந்தது. சில வருடங்களின் பின்னர் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் ஜகொப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அதன் உறவுப் பொருளான டைசல்பிராமை வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாக்கலாமா என்று பரிசோதித்தார்கள். அதைத் தாமே விழுங்கிப் பார்த்தவர்கள், மது அருந்தியபோது நோயுற்றார்கள். 1948 இல் இதனை வெளியிட்டார்கள். அதன்பின் குடியை நிறுத்த விரும்புவோருக்கு இது அன்ரபியூஸ் என்ற பெயரில் கொடுக்கப்பட்டது.

குடியை நிறுத்த ‘விரும்புவோருக்கு’ என்பதைக் கவனியுங்கள். இந்த மருந்து குடிக்கும் ஆசையைப் போக்குவதில்லை. குடித்தால் இன்னது நடக்கும் என்று தெரிந்த மனிதன் அந்தப் பயத்தினால் போத்தலைத் தள்ளி வைக்கிறான். தெரியாத மனிதன் எப்படிப் பயப்படுவான்? அவன் வழமைபோல் குடிப்பான், வழமைபோல் குடித்ததாலேயே விழுவான். தொடக்க வருடங்களில் இது அதிக அளவில் கொடுக்கப்பட்டபோது மரணங்களும் நிகழ்ந்தன. நோயாளிக்குத் தெரியாமல் ஒருபோதும் கொடுக்கக்கூடாது என்பது இந்த மருந்தின் முதல் எச்சரிக்கை. குடித்து 12 மணித்தியாலமாவது கழியாமல் கொடுக்கக்கூடாது. இருதய நோயாளருக்கும் ஈரல் பழுதடைந்தவர்களுக்கும் இது மிகவும் ஆபத்தானது. இவற்றில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கட்டிலருகே சொன்ன உண்மை

மறுநாள் காலை அவர் கண் திறந்து தேத்தண்ணி கேட்டார். நான் செய்த பிழை என்னோடும் வைத்தியரோடும் போகும் என்றே நினைத்தேன். ஆனால் வைத்தியர் என்னை வெளியே கூப்பிட்டு, “அம்மா, இந்த மருந்து உடம்பிலை இரண்டு கிழமைவரை நிக்கும். அதுக்குள்ளை திரும்பக் குடிச்சா திரும்ப இப்பிடி வரும். அவருக்கு உண்மை தெரியவேணும். நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?” என்று கேட்டார்.

“நான் சொல்லுறன்” என்றேன். நான் கூடவே இருங்கள் என்று கேட்டதால் தாதி திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றார்.

“இஞ்சேருங்கோ, நான்தான் உங்களுக்குக் குளிசை போட்டனான்” என்று சொல்லிவிட்டு அவரது முகத்தைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தேன். கனநேரம் அவர் பேசவில்லை. பிறகு, “சாகட்டும் எண்டோ போட்டனி?” என்று கேட்டார். “இல்லை. குடிக்காமல் இருக்கவேணும் எண்டு” என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தும் பத்து நாட்கள் நான் கொடுத்த சோற்றை அவர் சாப்பிடவில்லை. மூத்த மகள் சமைத்தால் சாப்பிட்டார். அடியையும் ஏச்சையும் தாங்கிய எனக்கு, என் கைச் சோற்றுக்கு ஒருவர் பயப்படுவதைத் தாங்க முடியவில்லை. பதினோராம் நாள் அவரே வந்து குசினி வாசலில் இருந்தார். “நீ கேட்டிருந்தாலும் நான் வைத்தியரிட்டைப் போயிருப்பனோ தெரியாது. எண்டாலும் கேட்டிருக்கலாம்” என்றார். அன்று நான் கேட்டேன். அடுத்த கிழமை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு இருவரும் போனோம்.

அங்கே ஒரு மனிதரிடம் மகனைப் பற்றி அவர் முதன்முதலாகக் கதைத்தார். நித்திரை வராததற்கும் மனத்துக்கும் தனியாகச் சிகிச்சை செய்தார்கள். குடி ஒரே நாளில் நிற்கவில்லை. இரண்டு தடவை மீண்டும் தொடங்கினார், இரண்டு தடவையும் கிளினிக்குக்குப் போனார். அவர் கடைசியாகக் குடித்து இப்போது பல வருடங்களாகின்றன. எல்லோர் வீட்டிலும் இப்படி முடியும் என்று நான் சொல்லமாட்டேன்.

கறுத்த முகத்தில் சிவப்பைக் காண்பது

புத்தகங்களில் ‘முகம் சிவக்கும்’ என்று எழுதியிருக்கும். எமது கறுத்த, மாநிற முகங்களில் அது சிவப்பாகத் தெரியாது. கண்வெள்ளையைப் பாருங்கள். காது மடல், கழுத்து, நெஞ்சு ஆகியவற்றைத் தொட்டுச் சூட்டைப் பாருங்கள். முகம் வழமையைவிடக் கருஞ்சிவப்பாக, மினுங்கலாக, ஊதியிருக்கலாம்.

திடீரென வருவதைப்போல மெதுவாக வரும் சிவப்பும் உண்டு. நீண்டகாலம் குடிப்பவரின் உள்ளங்கைகள் எந்நேரமும் சிவந்திருப்பதும், நெஞ்சிலும் தோளிலும் சிலந்திக் கால்கள்போல் சிறு குருதிக்குழாய்கள் தெரிவதும் ஈரல் பழுதாவதன் அறிகுறிகளாக இருக்கலாம். கண் மஞ்சளாவது, வயிறு அல்லது கால் வீங்குவது, இரத்த வாந்தி ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்கவே கூடாது.

நாம் மனத்தில் வைக்க வேண்டியவை

1. குடியை நிறுத்தும் குளிசை, தூள், கஷாயம் என்று எதையும் ஒருவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். ‘நாட்டு மருந்து’ என்று விற்கப்படுவதிலும் என்ன கலந்திருக்கிறது என்று எமக்குத் தெரியாது. உயிர் போனால் சட்டத்தின்முன் நாமே நிற்க வேண்டிவரும்.

2. வைத்தியசாலையிலோ பாமசியிலோ மருந்து எடுக்கும்போது, வீட்டில் குடிப்பவர் இருந்தால் “இதோடு மது ஆகுமா?” என்று வெட்கப்படாமல் கேளுங்கள். வயிற்றுளைவுக்கும் பல்லுக்கும் பெண்களின் வெள்ளைபடுதலுக்கும் கொடுக்கப்படும் மெற்றோனிடசோல் குளிசையோடு மது எடுத்தால் சிலருக்கு இத்தகைய சிவப்பும் வாந்தியும் வரலாம். அதை எடுக்கும் நாட்களிலும் முடிந்து 48 மணித்தியாலம்வரையும் மதுவைத் தவிர்க்குமாறு சொல்லப்படுகிறது. சில இருமல் பாணிகளிலும் மதுசாரம் உண்டு.

3. குடித்தவர் திடீரெனச் சிவந்து, நெஞ்சு நோ, மூச்சு முட்டல், மயக்கம் என்று சரிந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சேவை இலவசம். மயக்கமாகவோ வாந்தியுடனோ இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தேசிக்காய்த் தண்ணீர், மோர் என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். எடுத்த மருந்தின் அட்டையையும் குடித்த போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். உண்மையைச் சொல்லுங்கள். நான் பொய் சொன்ன அந்த நிமிடங்களில் அவருக்கு என்னவும் நடந்திருக்கலாம்.

4. நாள்தோறும் நிறையக் குடிப்பவரை அறையில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தப் பார்க்காதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாட்களில் நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் காண்பது போன்றவை வரலாம். இதனாலும் உயிர் போகலாம். வைத்தியரின் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

5. குடிப்பவர் நிதானமாக இருக்கும் காலை நேரத்தில் கதையுங்கள். குடித்திருக்கும்போது கதைத்துப் பயனில்லை. அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய் ஆலோசனை கேட்கலாம். வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் குடும்பத்தவருக்கும் ஆலோசனை உண்டு. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் கதைக்கலாம்.

6. அடி, உயிருக்குப் பயம் என்றால் அவரைத் திருத்தும் வேலையைப் பிறகு பார்க்கலாம். முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. குடி ஒரு நோயாக இருக்கலாம். அடிப்பதற்கு அது அனுமதி அல்ல.

சகோதரிகளே, ஒருவருடைய குடிக்கு அவரது மனைவி காரணம் அல்ல. அதைத் தனியாக நிறுத்துவதும் அவளால் முடியாத காரியம். இந்த இரண்டும் எனக்கு 2013 இல் தெரிந்திருந்தால் நான் அம்மியில் குளிசை அரைத்திருக்கமாட்டேன். எமக்கு இரகசியமாக ஒரு வழியைக் காட்டுபவர்கள் பலர் இருப்பார்கள். அது பிழைத்தால் வைத்தியசாலை வாங்கிலில் இருந்து அழப்போவது நாம் மட்டுமே.

அந்தத் தங்கையை மனநலப் பிரிவுக்கு நானே கூட்டிப் போனேன். முதல் நாள் கணவர் வரவில்லை. இரண்டாம் தடவை படலைவரை வந்து திரும்பிப் போனாராம். போன புதன்கிழமை அவர் கிளினிக் வாங்கில் எனது கணவருக்குப் பக்கத்தில் இருந்தார். இருவரும் சீமெந்து விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.